அடுத்து எந்த எக்ஸ்பான்ஷன்?

கில்ட் வார்ஸ் 2 இலவச ஆட்டத்தை ஆடி முடித்து, லெவல் 80 தொட்டு, "சரி, இனி காசு போடலாம்" என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். கடைப் பக்கத்தைத் திறந்தால் ஆறு எக்ஸ்பான்ஷன்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மேலே புதியது பளபளவென்று மின்னுகிறது. கீழே பழையவை. நடுவில் "கலெக்‌ஷன்" என்று ஏதோ ஒரு மூட்டை. எதை எடுப்பது?

போன வாரம் என் சித்தி பையன் போன் போட்டான். "அண்ணா, புதுசு ஒண்ணு வந்திருக்கே, அதையே வாங்கிடவா? பழசெல்லாம் எதுக்கு, செத்துப்போன மேப்தானே?" என்றான். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலர் கேட்டிருக்கிறார்கள். அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். சுருக்கமான பதில் வேண்டுபவர்களுக்கு: புதியதை வாங்காதீர்கள், பழையதிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் டீ போட்டுக்கொண்டு வாருங்கள். கொஞ்சம் நீளமாகப் போகும்.

புதுசுதான் நல்லது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது?

மற்ற ஆட்டங்களிலிருந்துதான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனும் லெவல் உச்சவரம்பை மாற்றும், கியரை மாற்றும். போன வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சேர்த்த கவசம், புது எக்ஸ்பான்ஷன் வந்த முதல் வாரத்தில் சாதாரணக் குவெஸ்டில் கிடைக்கும் கவசத்திடம் தோற்றுவிடும். எண்கள் ஏறி ஏறி, 2020-இல் அவர்களே 120 லெவலை 50-ஆகச் சுருக்க வேண்டி வந்தது. அங்கே பழைய நிலப்பகுதி என்பது நிஜமாகவே கடந்துபோகிற பாதைதான். அதனால்தான் 2018 முதல் சந்தா கட்டினாலே பழைய எக்ஸ்பான்ஷன்கள் கூடவே வந்துவிடுகின்றன. புதியதற்கு மட்டும்தான் தனியாகக் காசு. அந்த ஆட்டத்தில் "எதை வாங்குவது" என்ற கேள்வியே கிடையாது.

கில்ட் வார்ஸ் 2 வேறு கணக்கில் ஓடுகிறது. 2012 ஆகஸ்ட் 28-இல் ஆட்டம் வெளியானபோது உச்ச லெவல் 80. இன்றும் 80. கியரில் அசெண்டட் என்ற தரம் அந்த வருடக் கடைசியிலேயே வந்துவிட்டது. அதற்கு மேல் எண்ணிக்கையில் உயர்ந்த தரம் இன்றுவரை வரவில்லை. லெஜண்டரி கூட அதே எண்கள்தான். வேண்டியபோது ஸ்டாட் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் பெருமை. மாதச் சந்தாவும் இல்லை. ஆக, 2015-இல் வந்த காட்டில் இன்றைக்குப் போய் அடித்தாலும் அங்கே கிடைப்பதற்கு மதிப்பு உண்டு, அங்கே ஆட்களும் உண்டு. "பழசு" என்ற சொல்லை இந்த ஆட்டத்தில் வெறும் தேதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லெவல் ஏறவில்லை என்றால் எக்ஸ்பான்ஷன் எதைத்தான் விற்கிறது? மூன்று விஷயங்களை. கதை, போகவர இடம், புதிதாகச் செய்யக் கற்றுக்கொள்ளும் ஒரு காரியம். கதை ஒரு முறை ஓடி முடிந்துவிடும். மற்ற இரண்டும்தான் வருடக்கணக்கில் கூட வரும். அதனால் நான் எல்லோரிடமும் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான்: வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கையில் இருக்கிற சாதாரண வார நாளில் நீங்கள் இந்த ஆட்டத்துக்குள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் எக்ஸ்பான்ஷன் தானாகவே தெரிந்துவிடும்.

முதல் வாங்கல்: காடும் பாலைவனமும்

ஒன்றும் வாங்காதவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் (2015), பாத் ஆஃப் ஃபயர் (2017) இரண்டும் சேர்ந்து ஒரே பொட்டலமாகக் கிடைக்கின்றன. முழு விலை 30 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. அடிக்கடி தள்ளுபடியிலும் வரும். இலவசக் கணக்கில் இருக்கும் சாட், வர்த்தகக் கட்டுப்பாடுகள் எந்த எக்ஸ்பான்ஷனை வாங்கினாலும் விலகும். ஆனால் அதே காசுக்கு இரண்டு என்பது இங்கே மட்டும்தான்.

ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் மகூமா காட்டுக்குள் கூட்டிப்போகிறது. வெர்டன்ட் பிரிங்க், ஆரிக் பேஸின், டாங்கில்ட் டெப்த்ஸ், டிராகன்ஸ் ஸ்டாண்ட் என்று நாலே மேப்தான். ஆனால் ஒவ்வொன்றும் மாடி மாடியாக அடுக்கிய மேப். டாங்கில்ட் டெப்த்ஸில் போக வேண்டிய இடம் மேப்பில் கண்ணெதிரே தெரியும், நீங்கள் அதற்கு மூன்று தளம் மேலே நின்றுகொண்டிருப்பீர்கள். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். கிளைடிங் மாஸ்டரி கொஞ்சம் ஏறியதும் காடு வசப்படத் தொடங்கும்.

இந்த எக்ஸ்பான்ஷனின் உயிர் அதன் மெட்டா நிகழ்வுகளில் இருக்கிறது. ஆரிக் பேஸினில் தாரிர் என்ற தங்க நகரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் நான்கு வாசலிலும் ஆக்டோவைன் என்ற ராட்சதக் கொடி முளைக்கும். நம் நேரத்துக்கு இரவு 8:30, 10:30 என்று விழும். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான நேரம். முன்பின் தெரியாத பெருங்கூட்டம் தானாகவே நாலாகப் பிரிந்து நாலு வாசலுக்கும் போகும். ஒவ்வொரு வாசலிலும் கொடியின் காப்பை உடைக்கிற வித்தை வேறு வேறு. சூட்சுமம் என்னவென்றால், நாலு கொடியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாக வேண்டும். ஒரு வாசல் அவசரப்பட்டு முடித்துவிட்டால் மற்ற மூன்றும் குறுகிய நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். முடியவில்லை என்றால் செத்தது மறுபடி எழுந்து நிற்கும்.

அதனால் சாட்டில் எண்கள் ஓடத் தொடங்கும். வடக்கு 20 சதவீதம். கிழக்கு 35. தெற்கு 10, நிறுத்திக்கொள்கிறோம். மேற்கு எங்கே, மேற்கு? மேற்கில் ஆள் பத்தவில்லை, யாராவது ஓடி வாருங்கள். வெற்றிக்குப் பக்கத்தில் நிற்கிற கூட்டம் ஆயுதத்தை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கும். நடுவில் புதிதாக வந்த ஒருவர் மட்டும் விஷயம் தெரியாமல் அடித்துக்கொண்டே இருப்பார், அவரிடம் பத்துப் பேர் கெஞ்சுவார்கள். கடைசியில் "அடி" என்று எழுத்து வந்ததும் நாலு வாசலும் ஒரே நேரத்தில் வெடிக்கும். அடுத்த நிமிடம் மொத்தக் கூட்டமும் சாவியோடு நகரத்தின் அடித்தளத்துக்குப் பெட்டி திறக்க ஓடும். பத்து வருடம் ஆன மேப்பில் இன்றும் இது நடக்கிறது. சித்தி பையன் சொன்ன "செத்துப்போன மேப்" இதுதான்.

பாத் ஆஃப் ஃபயர் தருவது வேறு: மவுண்ட். 2006-இல் வந்த முதல் கில்ட் வார்ஸின் நைட்ஃபால் நடந்த அதே ஈலோனா பாலைவனத்துக்குத் திரும்பப் போகிறோம். அங்கே நான்கு வாகனங்கள் வரிசையாகக் கிடைக்கும். ராப்டர் நீளமாகத் தாண்டும். ஸ்பிரிங்கர் முயல் மாதிரி. பட்டனை அழுத்திப் பிடித்து விட்டால் செங்குத்தாக மேலே போகும். ஸ்கிம்மர் தண்ணீர் மேலும் புதைமணல் மேலும் மிதக்கும். ஜாக்கல் மணல் வாசல்களுக்குள் புகுந்து வேறிடத்தில் வெளிவரும்.

கதை முடிந்த பிறகு யாரும் சொல்லாமல் ஒரு ரகசியம் காத்திருக்கும்: கிரிஃபான். அதை வாங்க 250 கோல்ட் செலவாகும், புதியவர்களுக்குப் பெரிய தொகை. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு மறந்துவிடும். ஹெலிகாப்டர் மாதிரி அது நினைத்தபடி மேலே ஏறாது. உயரமான இடத்திலிருந்து குதிக்க வேண்டும், மூக்கைக் கீழே சாய்த்து விழ வேண்டும், தரை நெருங்கி வயிற்றைக் கலக்கும் நேரத்தில் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். விழுந்த வேகம் அத்தனையும் முன்னோக்கிப் பாயும். சரியாகச் செய்தால் மேப்பின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரே மூச்சில் போகலாம். தப்பாகச் செய்தால் பாறையில் அப்பளம். ஒரு வேலையும் இல்லாமல் வெறுமனே கிரிஃபான் ஓட்டிக்கொண்டே ஒரு மாலையைக் கழிப்பவர்கள் இந்த ஆட்டத்தில் ஏராளம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பாலைவன மேப்கள் பார்க்க அழகு, பரப்பு பெரிது. ஆனால் கதை முடிந்ததும் காட்டில் இருப்பது போல மேப் முழுக்கக் கூடிச் செய்கிற காரியம் அங்கே குறைவு. ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் போக ஒரு இடம் தருகிறது, பாத் ஆஃப் ஃபயர் போக ஒரு வண்டி தருகிறது. இரண்டும் ஒரே பொட்டலத்தில் இருப்பதால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

கூடவே எலீட் ஸ்பெஷலைசேஷன்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் காட்டில் ஒன்று, பாலைவனத்தில் ஒன்று. நெக்ரோமான்சர் ஒரு எக்ஸ்பான்ஷனில் பெரிய வாளேந்திய ரீப்பர் ஆவார், அடுத்ததில் மணல் நிழல்களை ஏவும் ஸ்கர்ஜ் ஆவார். ஒன்றை முழுதாகத் திறக்க 250 ஹீரோ பாயிண்ட் வேண்டும். காட்டிலும் பாலைவனத்திலும் உள்ள ஒவ்வொரு ஹீரோ சேலஞ்சும் 10 பாயிண்ட் தரும். ஆக 25 இடம். தனியாக முடியாத இடங்களுக்கு ஹீரோ பாயிண்ட் ட்ரெயின் ஓடும். ஒரு கமாண்டர் முன்னால் போக, பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் போதும்.

நடுவில் ஒரு பள்ளம்: லிவிங் வேர்ல்ட்

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. எக்ஸ்பான்ஷன்களுக்கு நடுவே லிவிங் வேர்ல்ட் என்ற பெயரில் சீசன்கள் வந்தன. அவை எக்ஸ்பான்ஷனோடு சேராது, தனியாக ஜெம் கொடுத்து வாங்க வேண்டும். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளே நுழைந்தாலே இலவசம். நமக்கு ஒரு எபிசோடு 200 ஜெம்.

கதைக்காக ஆடுகிறவர்கள் இதைத் தவிர்க்க முடியாது. ஆரீன் என்ற டிராகன் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸில் வெறும் முட்டை. மூன்றாம் சீசனில் பொரிக்கிறது. நான்காம் சீசனில் வளர்ந்து கதையின் நடுநாயகமாகிவிடுகிறது. இடையில் உள்ளதைத் தாண்டி நேராக எண்ட் ஆஃப் டிராகன்ஸுக்குள் போனால், எல்லோரும் யாரோ ஒரு டிராகனுக்காக உருகுகிறார்களே, இது யார் என்று முழிக்க வேண்டியதுதான்.

ஜெம் என்றதும் கார்டைத் தேட வேண்டாம். ஆட்டத்தில் சம்பாதித்த கோல்டைக் கொடுத்தே ஜெம் மாற்றிக்கொள்ளலாம். மெதுவாகச் சேரும், ஆனால் சேரும். அதிலும் மூன்றாம் சீசன் மேப்களில் பணத்தைத் தாண்டி ஒரு லாபம் உண்டு. பிட்டர்ஃப்ராஸ்ட் ஃபிரண்டியரில் பனிப்பழம் பறித்துச் சேர்த்தால் அசெண்டட் நகைகள் மலிவாகக் கிடைக்கும். பல கதாபாத்திரம் வைத்திருப்பவர்கள் அங்கே பழம் பறிப்பதையே தினசரி வேலையாக வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூன்றாம் சீசனுக்கு ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் வேண்டும், நான்காவதற்குப் பாத் ஆஃப் ஃபயர் வேண்டும்.

இரண்டாவது வாங்கல்: இங்கேதான் பாதை பிரிகிறது

காடும் பாலைவனமும் முடித்தவர்களுக்கு அடுத்தது எது? இங்கே எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. மேலே கேட்ட வார நாள் கேள்வி இப்போதுதான் உதவிக்கு வரும்.

பறக்க ஆசை என்றால் சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர் (2023). ஸ்கைஸ்கேல் என்ற பறக்கும் மவுண்ட் நான்காம் சீசனிலேயே வந்தது. ஆனால் அங்கே அதை அடைவது ஒரு தவம். பட்டியல் பட்டியலாகச் சேகரித்து, நாள் கணக்கில் காத்திருந்து, குட்டிக்கு இரை போட்டு வளர்க்க வேண்டும். இந்த எக்ஸ்பான்ஷனில் கதையின் தொடக்கத்திலேயே கையில் கிடைத்துவிடுகிறது. கூடவே, அதுவரை எலீட் ஸ்பெக்கோடு பூட்டிவைத்திருந்த ஆயுதங்களை மற்ற ஸ்பெக்கிலும் எடுத்துக்கொள்ள அனுமதி. ரெய்டு, பிவிபி பக்கமே போகாதவர்களும் திறந்த மேப்பில் ஆடியே சேர்க்கக்கூடிய லெஜண்டரி கவசமும் இதில்தான் வந்தது. டிராகன் கதை முடிந்து புதிய கதை தொடங்குவதும் இங்கேதான்.

ஸ்கைஸ்கேலுக்காக இதையே முதலில் வாங்கிவிடலாமே என்று பலர் கேட்பார்கள். வாங்கலாம். ஆனால் பறக்கிற வாகனம் முதலிலேயே கிடைத்துவிட்டால் ஸ்பிரிங்கரையும் ஜாக்கலையும் தொடவே மாட்டீர்கள். எந்த மலையையும் ஏற வழி தேட மாட்டீர்கள். பாலைவனம் முழுக்க அந்த வழி தேடுவதற்காகவே கட்டப்பட்டது. முதலில் நடந்து பாருங்கள், அப்புறம் பறக்கலாம்.

கூடிச் செய்வது பிடிக்கும் என்றால் எண்ட் ஆஃப் டிராகன்ஸ் (2022). 2006-இல் ஃபாக்‌ஷன்ஸ் ஆடியவர்களுக்குத் தெரிந்த கான்தாவுக்குத் திரும்பப் போகும் எக்ஸ்பான்ஷன் இது. கல்லாகிப்போன எக்கோவால்ட் காடு, பச்சை ஜேடால் விளக்கேற்றிய நியூ கைனெங் நகரம். மீன்பிடி இதில்தான் வந்தது. ஒரு ஸ்கிஃப் படகை எடுத்து, நண்பர்களை ஏற்றிக்கொண்டு, எந்தத் துறையில் எந்த மீன் பகலில் சிக்கும், எது இரவில் சிக்கும் என்று தூண்டில் போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசலாம். மவுண்டிலும் அதே குணம்: சீஜ் டர்ட்டில் மேல் இரண்டு பேர் உட்காரலாம், ஒருவர் ஓட்ட, மற்றவர் பீரங்கி சுடுவார். எஞ்சினியர் ஆடுகிறவர்களுக்கு மெக்கானிஸ்ட் என்று கூடவே பெரிய ஜேடு இயந்திரத்தை அழைத்துப்போகும் எலீட் ஸ்பெக் உண்டு. கை அதிகம் ஓடாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். டிராகன்ஸ் எண்ட் மெட்டா, வந்த புதிதில் தோற்பதற்கே பேர்போனது. இப்போதும் ஒழுங்கான கமாண்டர் இருக்கிற கூட்டத்தில் சேர்ந்து போவது நல்லது.

வீடு கட்ட ஆசை என்றால் ஜாந்திர் வைல்ட்ஸ் (2024). ஹோம்ஸ்டெட் என்று உங்களுக்கே உங்களுக்காக ஒரு மனை. மேஜை நாற்காலி முதல் மரம் மட்டை வரை இஷ்டம்போல வைக்கலாம், உங்கள் மற்ற கதாபாத்திரங்களையும் மவுண்ட்களையும் அங்கே நிறுத்திவைக்கலாம். அதுவரை தண்ணீருக்கு அடியில் மட்டும் இருந்த ஈட்டி இதில் தரைக்கு வந்தது, எல்லாத் தொழில்களுக்கும். எலீட் ஸ்பெக் புதிதாக எதுவும் இல்லை. அப்ஸ்க்யூரிலும் கிடையாது.

புதிய எலீட் ஸ்பெக்கே வேண்டும் என்றால் விஷன்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி (2025). காஸ்டோரா தீவு, ஒன்பது தொழில்களுக்கும் ஒன்பது புதிய ஸ்பெக். நெக்ரோமான்சர் ஆடுகிறவர்கள் ரிச்சுவலிஸ்ட் என்ற பெயரைக் கேட்டதும் துள்ளிக் குதித்தது நியாயம்தான். முதல் ஆட்டத்தில் அது தனித் தொழிலாகவே இருந்தது.

எப்போது வாங்குவது?

2023 முதல் ஏரினாநெட் நிறுவனம் பாணியை மாற்றிவிட்டது. சில வருடத்துக்கு ஒரு பெரிய எக்ஸ்பான்ஷன் என்பது போய், வருடத்துக்கு ஒரு சிறிய எக்ஸ்பான்ஷன், விலை 25 டாலர். வெளியாகும் நாளில் பாதி மேப்தான் இருக்கும்; மீதியும் கதையும் அடுத்த வருடம் முழுக்கக் காலாண்டுக்கு ஒரு தவணையாக வந்து சேரும். நண்பர் கூட்டத்தோடு சேர்ந்து சுடச்சுட ஆடுகிறவர்கள் முதல் நாளே வாங்கட்டும். தனியாக ஆடுகிறவர்களுக்கு என்ன அவசரம்? முழுதாக வந்த பிறகு, தள்ளுபடியில், ஒரே மூச்சில் ஆடலாம். லெவல் ஏறாத ஆட்டத்தில் தாமதமாக வந்தவர் எதையும் இழப்பதில்லை.

காசு கட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். இந்த ஆட்டம் 2022-இல் ஸ்டீமுக்கு வந்தது. ஸ்டீமில் தொடங்கிய கணக்கும் ஏரினாநெட் தளத்தில் தொடங்கிய கணக்கும் தனித்தனி, ஒன்றோடொன்று இணைக்க முடியாது. தளத்தில் தொடங்கிய கணக்குக்காக ஸ்டீம் தள்ளுபடியில் எக்ஸ்பான்ஷன் வாங்கினால் அது அந்தக் கணக்கில் சேராது. எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே வாங்குங்கள். முதல் மூன்று எக்ஸ்பான்ஷனும் நடுவில் வரும் சீசன்களும் சேர்ந்த எல்டர் டிராகன் சாகா என்ற மூட்டையும் உண்டு. கதையை முதலிலிருந்து கடைசிவரை ஆடப்போவது உறுதி என்றால், தள்ளுபடி வரும்போது அதை எடுப்பது தனித்தனியாக எடுப்பதைவிட நிம்மதி.

சரி, நீ என்ன வாங்கப் போகிறாய்?

என்னிடம் இருப்பது முதல் இரண்டும் அப்ஸ்க்யூரும். ஸ்கைஸ்கேல் இருக்கிறது, கிரிஃபானும் இருக்கிறது, போகவர வண்டிக்குக் குறைவில்லை. தனியாக ஆடி ஆடி அலுத்துவிட்டது, யாரோடாவது உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆட வேண்டும் போலிருக்கிறது. அதனால் என் அடுத்த வாங்கல் எண்ட் ஆஃப் டிராகன்ஸ். நான்காம் சீசனில் பாக்கி இருக்கும் எபிசோடுகளுக்குக் கோல்ட் சேர்ந்துகொண்டிருக்கிறது. அவை முடிந்ததும் கான்தா.

இதையெல்லாம் சித்தி பையனிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிண்ணா, எனக்கு வீடு கட்டணும்" என்றான். அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் சண்டையை விட்டுவிட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருப்பவன். வார நாள் கேள்விக்கு அவனுடைய பதில் தெளிவாக இருக்கிறது. எனவே அவனுக்கு முதலில் காடும் பாலைவனமும், அதற்கு அடுத்தது ஜாந்திர் வைல்ட்ஸ் என்று பேசி முடித்திருக்கிறோம். சீஜ் டர்ட்டிலில் பீரங்கி சுட எனக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. எஞ்சினியர் ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். யூரோப் சர்வர், இரவு ஒன்பதுக்கு மேல்.